கலைக்குழுவுக்கு நல்கை விண்ணப்பம்: திருத்தித் தருபவருக்குக் கூலி கொடுக்கலாமா?

சலங்கைக்கட்டு (காங்கயம்)

எல்லாருக்கும் வணக்கமுங்க. எங்க குழு ஒயில் கும்மியும் பெருஞ்சலங்கையாட்டமும் ஆடுதுங்க. அறக்கட்டளையாப் பதிவு பண்ணியிருக்கோம். நோம்பி மாசத்துல கோயில் கோயிலா ஆடுவோம், மத்த நாள்ல ஊர்ப் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் சொல்லித் தருவோம். எங்க ஆசானுக்கு எழுவது தாண்டிருச்சு. அவர் மனசுல இருக்கிற பாட்டுல பாதிகூட எங்களுக்கு வராது. அதை அவர் குரல்லயே பதிவு பண்ணி, அடவோட சேர்த்துப் பிள்ளைகளுக்கு ஏத்திவிடோணும். அதுக்குத்தான் நல்கை, அதாங்க கிராண்ட், கேட்டு எழுதுனோம். தேர்வாகலைன்னு ஒத்தை வரியில பதில் வந்துச்சு. காரணம் ஒண்ணும் இல்லை.

இப்ப ரெண்டு பேரு வந்திருக்காங்க. ஒருத்தர், "மொத்தத்தையும் நானே இங்கிலீசுல எழுதிக் குடுத்தர்றேன், முன்பணம் வேண்டாம், வந்தா நூத்துக்குப் பதினஞ்சு எனக்கு"ங்கறார். இன்னொருத்தர், "நீங்க எழுதுனதைத் திருத்தித் தர்றேன், வந்தாலும் வராட்டியும் கூலி இவ்வளவு"ங்கறார். எங்க குழுவுல பாதிப் பேரு முதல் ஆளைப் புடிக்கலாம்ங்கறாங்க, கையில இருந்து காசு போகாதில்லீங்களா. மீதிப் பேரு, சலங்கைக்கு மணி மாத்தவே காசில்லாதப்ப எழுத்துக்கு எதுக்குக் கூலின்னு கேக்கறாங்க.

நாங்க அனுப்புன முதல் பத்தி இதுங்க:

"தொன்மையும் பெருமையும் வாய்ந்த கொங்கு நாட்டின் பாரம்பரியக் கலைகள் இன்று அழிவின் விளிம்பில் உள்ளன. இதுவரை எவராலும் ஆவணப்படுத்தப்படாத அண்ணன்மார் கதை உள்ளிட்ட நாட்டார் பாடல்களை மீட்டெடுத்து, இளைய தலைமுறையிடம் கலாச்சார விழிப்புணர்வை ஏற்படுத்துவதே எமது உன்னத நோக்கமாகும்."

அனுபவப்பட்டவங்க கொஞ்சம் சொல்லுங்க.

சிவப்புமை (ஈரோடு)

விண்ணப்பங்களைத் திருத்தித் தருவதுதான் என் தொழில், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பதினைந்து சதவீதம். வேண்டாம் தம்பி. நல்கை தருபவர்கள் ஒவ்வொரு ரூபாயையும் ஒரு தலைப்பின் கீழ்தான் தருகிறார்கள்: ஆசானுக்கு இவ்வளவு, பதிவுக்கு இவ்வளவு, பயணத்துக்கு இவ்வளவு. 'விண்ணப்பம் எழுதியவருக்குப் பங்கு' என்று ஒரு தலைப்பு எங்குமே கிடையாது. அப்படியானால் அவருக்குக் கொடுக்கும் பணம் எங்கிருந்து வரும்? ஆடுகிறவர்கள் கூலியிலிருந்து பிடிக்க வேண்டும், இல்லையென்றால் போகாத பயணத்துக்கு ரசீது எழுத வேண்டும். இரண்டுமே குழுவின் கழுத்துக்கு வரும். இன்னொன்றும் உண்டு. சதவீதம் பேசியவருக்குத் தொகை கூடினால் ஆதாயம். உங்களுக்கு நான்கு லட்சம் போதும் என்ற இடத்தில் பத்து லட்சம் என்று எழுதச் சொல்வார். பத்து லட்சத்துக்கு வேலை காட்ட வேண்டியது நீங்கள். அமெரிக்காவில் இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு கிராண்ட் புரொஃபஷனல்ஸ் அசோசியேஷன் என்ற சங்கம் இருக்கிறது. அதன் நெறிமுறையே சதவீதக் கூலி வாங்குவதைத் தடுக்கிறது. இங்கே அப்படி ஒரு விதி இருப்பதாக நான் கேட்டதில்லை, ஆனாலும் நியாயம் அதுதான்.

அடுத்தது, எழுதிக் கொடுப்பதும் திருத்துவதும் வேறு வேறு வேலை. உங்கள் ஆட்டத்தை ஒருநாள்கூடப் பார்க்காதவர் எழுதினால் நீங்கள் மேலே போட்டிருக்கிற பத்தி மாதிரிதான் வரும். அதில் 'கொங்கு நாடு' என்பதை எடுத்துவிட்டு வேறு எந்த நாட்டைப் போட்டாலும் பொருந்துகிறது, பாருங்கள். திருத்துகிறவர் செய்ய வேண்டிய முதல் வேலை கேள்வி கேட்பது. என் கேள்விகள் இவை. ஆசான் யாரிடம் கற்றார்? என்னென்ன பாட்டு, எந்தெந்தச் சமயத்தில் பாடுவது? அவரைத் தவிர அதைப் பாடக்கூடியவர் யார் இருக்கிறார்கள்? எத்தனை பிள்ளைகள், வாரத்தில் எந்த நாள், எந்த இடம்? ஓர் ஆண்டு முடிந்ததும் கையில் என்ன இருக்கும்? பதிவுகள் யாரிடம் இருக்கும்? பதிலைப் பேச்சுத் தமிழிலேயே எழுதுங்கள், இலக்கணத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இங்கிலீஷ் என்று பயப்படவும் வேண்டாம். பெங்களூரில் இருக்கும் இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ் 1995 முதல் நல்கை கொடுத்து வருகிறது. கலை ஆய்வுக்கும் கலைச் செயல்பாட்டுக்கும் அவர்களிடம் விண்ணப்பத்தைத் தமிழிலேயே கொடுக்கலாம். இங்கிலீஷ் கட்டாயமான இடங்களுக்கும் முதலில் தமிழில் எழுதி முடியுங்கள். தமிழில் தெளிவில்லாத திட்டம் எந்த மொழியில் போட்டாலும் தெளியாது.

முதல்வாசிப்பு (கோவை)

கலைத் திட்டங்களுக்கான தேர்வுக்குழு ஒன்றில் விண்ணப்பங்களை வாசித்திருக்கிறேன். எந்தக் குழு என்று சொல்லக் கூடாது. எதிர்ப்பக்கத்திலிருந்து ஒன்றிரண்டு மட்டும்.

'இதுவரை எவராலும் ஆவணப்படுத்தப்படாத அண்ணன்மார் கதை' என்ற வரியைப் பார்த்ததுமே நான் மேலே வாசிப்பதை நிறுத்தியிருப்பேன். 1960களில் கனடாவைச் சேர்ந்த மானிடவியலாளர் பிரெண்டா பெக் வந்து தங்கி, பொன்னர் சங்கர் அண்ணன் தம்பிகளின் அந்தக் கதையை உடுக்கடிப் பாட்டாகவே ஒலிநாடாவில் பிடித்தார். அவர் தங்கியது உங்கள் காங்கயம் பக்கத்து ஓலப்பாளையத்தில்! பிறகு அது புத்தகமாகவும் வந்தது. கொங்குக் கலை பற்றிய விண்ணப்பம் வந்தால் அதை வாசிக்க அந்த வரலாறு தெரிந்த ஒருவரைத்தான் கூப்பிடுவார்கள். ஒரு வரி பொய்யென்று தெரிந்துவிட்டால் மற்ற வரிகள் மேலும் சந்தேகம் வந்துவிடும். உண்மையைச் சொன்னால் உங்களுக்கே பலம்: 'அண்ணன்மார் கதை பதிவாகியிருக்கிறது, எங்கள் ஆசானின் கும்மிப் பாட்டுகள் பதிவாகவில்லை' என்று எழுதுங்கள். உங்கள் இடம் எது என்று அப்போதுதான் தெரியும்.

அதேபோல 2024இல் வள்ளி ஒயில் கும்மிக்காகப் பத்திரப்பன் ஐயாவுக்குப் பத்மஸ்ரீ கிடைத்த பிறகு, கும்மி யாருக்கும் தெரியாத கலை என்று எழுத முடியாது. இன்று கொங்கில் கும்மி அரங்கேற்றம் என்றால் பெண்களும் பிள்ளைகளுமாக மைதானம் நிறைகிறது. கலை பரவுகிறது. அப்படியிருக்க உங்கள் ஆசானின் பாடமுறையில் எது தனி, எது விடுபட்டுப் போகிறது என்று சொல்லுங்கள். 'அழிவின் விளிம்பு' என்ற வார்த்தை எங்கள் மேசைக்கு வரும் தாள்களில் பாதிக்கு மேல் இருக்கும். அது எங்களை அசைப்பதில்லை.

நான் முதலில் புரட்டுவது பட்ஜெட் பக்கத்தை. குழு எதை மதிக்கிறது என்பது அங்கேதான் தெரியும். சலங்கைக்கட்டு, உங்கள் பட்ஜெட்டையும் இங்கே போட முடியுமா?

சலங்கைக்கட்டு (காங்கயம்)

ஓலப்பாளையம் எங்களுக்குப் பக்கத்துலதானுங்க அக்கா. வெளிநாட்டம்மா ஒருத்தங்க வந்து தங்கியிருந்தாங்கன்னு பெரியவங்க சொல்லிக் கேட்டிருக்கேன். இந்த விசயத்தை விண்ணப்பத்துல சேர்த்தர்றோம்.

பட்ஜெட் இதுங்க. கேமரா, லென்சு, டிரோன் வாங்க 2,10,000. ஒலிப்பதிவு 60,000. ஆடை, சலங்கை 75,000. மேளச் செலவு 30,000. பந்தல், சாப்பாடு 40,000. நிறைவு விழா, நினைவுப் பரிசு 50,000. இதர செலவு 35,000. மொத்தம் 5 லட்சம்.

சிவப்புமை (ஈரோடு)

தம்பி, இந்தப் பட்டியலில் ஆசான் எங்கே?

முழுத் திட்டமும் அவரை நம்பி நிற்கிறது. ஓர் ஆண்டு அவர் பாட வேண்டும், பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும். அவருக்கு ஒரு பைசா எழுதவில்லை. டிரோனுக்கு எழுதியிருக்கிறது.

சலங்கைக்கட்டு (காங்கயம்)

அவர் வாங்க மாட்டாருங்க அக்கா. "என்ற பிள்ளைகளுக்குச் சொல்லித்தர நான் காசு வாங்கறதா"ன்னு கோவிச்சுக்குவார்.

சிவப்புமை (ஈரோடு)

அவர் மனசு பெரிது. ஆனால் பட்ஜெட்டில் அதை எழுதாமல் விட்டால், வாசிக்கிறவர் கண்ணுக்கு அந்த மனசு தெரியாது. பெரியவரிடம் இலவசமாக வேலை வாங்கிக் கருவிக்குச் செலவழிக்கும் குழு என்றுதான் தெரியும். மாதம் இவ்வளவு என்று ஆசானுக்கு மதிப்பூதியம் எழுதுங்கள். கையெழுத்துப் போட்டு வாங்கியபிறகு அதை என்ன செய்கிறார் என்பது அவர் விருப்பம். அளவு தெரிய வேண்டுமானால் ஒன்று சொல்கிறேன். மத்தியப் பண்பாட்டு அமைச்சகம் கலைஞர்களுக்குத் தரும் ஃபெலோஷிப்பில் 40 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மாதம் 20,000, 25 முதல் 40 வரை உள்ளவர்களுக்கு 10,000, இரண்டு ஆண்டுக்கு. அரசே ஒரு மூத்த கலைஞரின் உழைப்பை அப்படி மதிக்கிறது. நீங்கள் சுழியம் போடலாமா?

கேமராவை வாங்க வேண்டாம். பதிவு நடக்கும் நாட்களுக்கு மட்டும் வாடகைக்கு எடுங்கள். பல திட்டங்களில் பொருள் வாங்கவே பணம் தர மாட்டார்கள், தந்தாலும் அதற்கு வரம்பு இருக்கும். அறிவிப்பில் அந்தப் பகுதியை இரண்டு தடவை வாசியுங்கள். 'இதர செலவு 35,000' என்றால் என்னவென்று யாருக்கும் தெரியாது. அதைப் பிரித்து எழுதுங்கள், பிரிக்க முடியாவிட்டால் எடுத்துவிடுங்கள். நினைவுப் பரிசு அறவே வேண்டாம்.

துடும்புக்கோல் (மேட்டுப்பாளையம்)

நான் துடும்பு மேளம் அடிக்கிறவன். இதைப் படிச்சுட்டுப் பேசாமப் போக மனசு வரலை.

ஆசானுக்குக் காசு எழுதச் சொன்னீங்க, சரி. அதுக்குக் கீழ ஒரு வரி இருக்கே, 'மேளச் செலவு 30,000'. பந்தலுக்கும் சாப்பாட்டுக்கும் மேல அது கிடக்குது. அது செலவா? பறையும் ஜமாப்பும் இல்லாம எந்தச் சலங்கை குலுங்கும்? அடிக்கிறவனுக்குப் பேரு இருக்கு, அவனுக்கும் ஆசான் இருக்கார், அவன் அடிக்கிற ஒவ்வொரு அடிக்கும் ஒரு கணக்கு இருக்கு. கோயில்ல ஆடுறவங்க ஒரு தெரு, அடிக்கிறவங்க வேற தெரு. ஆடுறவங்க அறக்கட்டளை வைப்பாங்க, விண்ணப்பம் போடுவாங்க, போட்டோவுல நிப்பாங்க. எங்களுக்கு அன்னிக்குச் சாயங்காலம் கூலி. இதைத் திருத்தித் தர்ற படிச்சவங்க இத்தனை கேள்வி கேட்டாங்களே, இதைக் கேட்டாங்களா?

நான் சண்டைக்கு வரலை. எங்க ஆளுக கிட்டயும் ஒருத்தர் வந்து எழுதித் தந்தார். எங்களை 'விளிம்புநிலையில் வாடும் நலிந்த கலைஞர்கள்'னு எழுதியிருந்தார். நாங்க வாடலைங்க, நல்லாவே அடிக்கிறோம். எங்க அடியைப் பத்தி அந்தத் தாள்ல ஒரு வரிகூட இல்லை. பரிதாபத்தைக் காட்டித்தான் பணம் வருமுன்னா அது எங்களுக்கு வேண்டாம்.

சிவப்புமை (ஈரோடு)

நீங்கள் சொன்னது முழுக்க நியாயம் அண்ணா. அந்த வரிதான் நான் அடுத்துக் கேட்க வேண்டியது, நீங்கள் முந்திக்கொண்டீர்கள்.

சலங்கைக்கட்டு, அந்த வரியை இப்படி மாற்றுங்கள். வாசிப்பவர் ஒவ்வொருவருக்கும் பெயர், கருவி, எத்தனை நாள், நாளுக்கு எவ்வளவு. ஆடுபவருக்கு என்ன தருகிறீர்களோ அதே அளவு. திட்டக்குழு என்ற பகுதியில் ஆடுபவர்களோடு அவர்கள் பெயரும் வரட்டும். பதிவிலும் ஆட்டத்துக்குப் பின்னணியாக வைத்துவிடாமல், அடிமுறைகளைத் தனியாகப் பிடியுங்கள். ஆசான் பாட்டுக்கு எந்த அடி என்று வாசிக்கிறவர் சொல்லாமல் அந்தப் பாட்டு முழுமையாகப் பதிவாகாது. அவர்களையும் வைத்துப் பேசிவிட்டு எழுதுங்கள், அவர்களுக்காக நீங்களாக எழுத வேண்டாம்.

முதல்வாசிப்பு (கோவை)

துடும்புக்கோல் சொன்னதோடு சேர்த்து ஒன்று. சம்மதக் கடிதங்கள். ஆசானும் வாசிப்பவர்களும் பாட்டையும் அடியையும் பதிவு செய்யச் சம்மதிக்கிறார்களா, யூடியூபில் போடலாமா, போடக் கூடாத சாமிப் பாட்டு எது, பிரதி யார் வீட்டில் இருக்கும் என்று ஒரு பக்கம் எழுதி வாங்குங்கள். கையெழுத்துப் போடத் தெரியாதவர் என்றால் படித்துக் காட்டி, அதை ஒலியாகப் பதிந்துகொள்ளுங்கள். நல்ல குழுக்கள் இதைக் கேட்காமலேயே இணைத்து அனுப்பும்.

மாதிரிக் காணொளியும் வேண்டும். டிரோன் காட்சி, பின்னணி இசை எதுவும் வேண்டாம். செல்போனை ஓரிடத்தில் அசையாமல் வைத்து, ஒரு பாட்டு ஆரம்பம் முதல் முடியும்வரை எடுத்தது போதும்.

பேரேடு (திருப்பூர்)

நான் அறக்கட்டளைகளுக்குக் கணக்குப் பார்ப்பவன். எழுத்து எவ்வளவு நன்றாக இருந்தாலும் தாள் இல்லையென்றால் உள்ளேயே போகாது, அதனால் இதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மத்திய அரசுத் திட்டம் என்றால் முதலில் தொண்டு அமைப்புகள் பதியும் தளமான நிதி ஆயோக்கின் என்ஜிஓ தர்ப்பணில் பதிவெண் வேண்டும். அறக்கட்டளைப் பத்திரம், பான் அட்டை, வங்கிக் கணக்கு, தர்ப்பண் நான்கிலும் பெயர் ஒரே எழுத்தில் இருக்க வேண்டும். ஒன்றில் 'டிரஸ்ட்' இருந்து இன்னொன்றில் இல்லாவிட்டால் அங்கேயே நிற்கும். பணம் பெரும்பாலும் தவணையாக வரும். செலவழித்ததற்கு ஜிஎஃப்ஆர் (மத்திய அரசின் பொது நிதி விதிகள்) 12-ஏ படிவத்தில் பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுக்க வேண்டும், அதில் ஆடிட்டர் கையெழுத்து வேண்டும். எனவே ஆடிட்டர் கட்டணத்தையும் பட்ஜெட்டில் எழுதுங்கள்.

நம் பகுதிக்கு இன்னொரு வழியும் உண்டு. கம்பெனிச் சட்டம் 135ஆம் பிரிவுப்படி, நிகர லாபம் 5 கோடியோ அதற்கு மேலோ உள்ள கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழிக்க வேண்டும். ஏழாம் அட்டவணையில் பாரம்பரியக் கலைகளும் கைவினைகளும் சேர்ந்தே இருக்கின்றன. திருப்பூரிலும் கோவையிலும் அந்த அளவு லாபம் பார்க்கும் கம்பெனிகள் குறைவா? பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் கொடுக்கிறார்கள், கலைக்கும் கொடுக்கலாம் என்று பலருக்கு யாரும் சொன்னதே இல்லை. ஆனால் வாங்குகிற அறக்கட்டளைக்கு வருமான வரித் துறையின் 12ஏ, 80ஜி பதிவும், 2021 ஏப்ரல் முதல் இந்தக் கம்பெனிப் பணத்தை வாங்குவதற்கான சிஎஸ்ஆர்-1 பதிவும், இதே மாதிரி வேலையில் மூன்றாண்டு அனுபவமும் வேண்டும். சலங்கைக்கட்டு, உங்களிடம் 12ஏ இருக்கிறதா?

வெளிநாட்டுப் பணம் பற்றி எச்சரிக்கை. வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டத்தில் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. பதிவுக்கு அமைப்பு மூன்று ஆண்டு ஆகியிருக்க வேண்டும், அந்த மூன்று ஆண்டில் 15 லட்சம் தன் வேலைக்குச் செலவழித்திருக்க வேண்டும். 'எங்கள் அமைப்பின் பெயரில் வாங்கி உங்களுக்குத் தருகிறோம்' என்று யாராவது சொன்னால் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள். 2020 திருத்தத்துக்குப் பிறகு அப்படி மாற்றிக் கொடுக்க வழியில்லை.

துடும்புக்கோல் (மேட்டுப்பாளையம்)

அறக்கட்டளையே இல்லாத எங்களை மாதிரி ஆளுக்கு?

சிவப்புமை (ஈரோடு)

தனியாளாக விண்ணப்பிக்கும் வழிகள் உண்டு அண்ணா. நான் மேலே சொன்ன மத்திய ஃபெலோஷிப் தனிநபருக்குத்தான். 18 முதல் 25 வயதுப் பிள்ளைகள் ஆசானிடம் கற்க மாதம் 5,000 வீதம் இரண்டு ஆண்டுக்கு உதவித்தொகை இருக்கிறது. பெங்களூர் அமைப்பும் தனிநபர் விண்ணப்பத்தை ஏற்கிறது. துடும்பின் அடிமுறைகளைப் பற்றி நீங்கள் இங்கே எழுதின மாதிரியே எழுதுங்கள், நான் திருத்தித் தருகிறேன். உங்கள் குரலை மாற்ற மாட்டேன். வாக்கியம் எங்கே முடிகிறது, எந்தத் தகவல் முன்னால் வர வேண்டும் என்பதை மட்டும் பார்ப்பேன்.

சலங்கைக்கட்டு (காங்கயம்)

ஆசான்கிட்டயும் மேளக்காரங்ககிட்டயும் உக்காந்து பேசிட்டு எழுதிட்டு வந்திருக்கேன். வாசிக்கிறவங்க பேரு, கருவி எல்லாம் வாங்கியாச்சு. ஆசான் முதல்ல கோவிச்சாரு. அப்புறம், "மேளக்காரனுக்கும் எனக்கும் ஒரே மாதிரி எழுது, அப்படின்னா வாங்கிக்கறேன்"னாரு. 12ஏ இருக்குங்க பேரேடு அண்ணா, சிஎஸ்ஆர்-1 போடலை. புதுப் பத்தி:

"எங்கள் ஆசான் தன் தந்தையிடம் கற்ற கும்மிப் பாட்டுகளில் சில, மாரியம்மன் நோம்பிச் சாட்டு (திருவிழா அறிவிப்பு) நாளில் மட்டும் பாடப்படுபவை. அவற்றை முழுதாகப் பாடத் தெரிந்தவர்கள் எங்கள் ஊரில் இப்போது இருவர். இப்பகுதியில் அண்ணன்மார் கதை 1960களிலேயே பதிவாகியிருக்கிறது. இந்தக் கும்மிப் பாட்டுகளுக்கு அப்படி ஒரு பதிவு எங்கள் ஊரில் இல்லை. ஓர் ஆண்டில் இப்பாட்டுகளையும், அவற்றுக்குரிய பறை, ஜமாப் அடிகளையும், அடவுகளையும் தனித்தனியே பதிவு செய்வோம். சனி, ஞாயிறு மாலைகளில் ஊர்ப் பள்ளி மைதானத்தில் 20 பிள்ளைகள் கற்பார்கள். அவர்களில் அடிக்கக் கற்பவர்களும் இருப்பார்கள். இந்த அரிய முயற்சி கொங்கு மண்ணின் பண்பாட்டு மறுமலர்ச்சிக்கு வித்திடும் என்பதில் ஐயமில்லை."

சிவப்புமை (ஈரோடு)

கடைசி வாக்கியத்தை எடுத்துவிடுங்கள். அதற்கு முந்தின வாக்கியத்தோடு நிற்கட்டும். 'பாடத் தெரிந்தவர்கள் இருவர்' என்ற இடத்தில் அந்த இன்னொருவர் யார், அவரும் இந்தப் பதிவில் பாடுகிறாரா என்று சேருங்கள். வாசிக்கிற யாருக்கும் அந்தக் கேள்வி வரும். 20 பிள்ளைகள் எப்படித் தேர்வானார்கள் என்று ஒரு வரி. மற்றதெல்லாம் கை வைக்கத் தேவையில்லை. 'அவர்களில் அடிக்கக் கற்பவர்களும் இருப்பார்கள்' என்ற வரியை நான் எழுதியிருக்க முடியாது. அதை நீங்கள்தான் எழுத முடியும்.

துடும்புக்கோல் (மேட்டுப்பாளையம்)

அந்த வரி நல்லா இருக்குங்க தம்பி. எந்தத் தெருப் பிள்ளைக எதைக் கத்துக்கும்னு முன்கூட்டியே பிரிச்சு வச்சராதீங்க. விரும்பினது எதுவோ அதைக் கத்துக்கட்டும்.

சலங்கைக்கட்டு (காங்கயம்)

அப்படியே பண்றோமுங்க அண்ணா. ரெண்டையும் எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லித் தர்றதா எழுதிட்டேன். இன்னொரு பெரியவரும் பாடறேன்னுட்டாரு, அவருக்கும் மதிப்பூதியம் சேத்தாச்சு. டிரோன் போயிருச்சு.

சதவீதக்காரருக்கு வேண்டாம்னு சொல்லியாச்சு. கூலிக்குத் திருத்தறவர்கிட்டப் பேசலாம்னு குழு ஒத்துக்கிச்சு. அவர்கிட்ட என்னென்ன பேசி வச்சுக்கோணும்?

சிவப்புமை (ஈரோடு)

மொத்தக் கூலி எவ்வளவு, எத்தனை சுற்றுத் திருத்தம், எந்தத் தேதிக்குள். பாதி முன்னால், பாதி முடிந்ததும். கூலி உங்கள் குழுவின் சொந்தக் கணக்கிலிருந்து போக வேண்டும், வரப்போகிற நல்கையிலிருந்து கூடாது. திருத்திய கோப்பு உங்களிடம் திருத்தக்கூடிய வடிவத்தில் வர வேண்டும். அடுத்த தடவை நீங்களே மாற்றிப் போட்டுக்கொள்வீர்கள். உங்கள் ஆசான் பெயரையோ பாட்டையோ அவர் வேறு விண்ணப்பத்தில் பயன்படுத்தக் கூடாது என்று ஒரு வரி. அவர் நீங்கள் எழுதியதில் எதையெல்லாம் மாற்றினார் என்று காட்டித்தான் தர வேண்டும். முடிவாக அனுப்புவதற்கு முன்னால் முழுவதையும் ஆசானுக்கும் வாசிப்பவர்களுக்கும் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். அவர்கள் 'நாங்க அப்படிச் சொல்லலையே' என்று சொல்லும் இடத்தை எடுத்துவிடுங்கள்.

பேரேடு (திருப்பூர்)

சிஎஸ்ஆர்-1 படிவத்தை ஆடிட்டர் மூலமாக இந்த வாரமே போட்டுவிடுங்கள். எண் வந்ததும் தனிச்செய்தியில் சொல்லுங்கள். 80ஜி சான்றிதழில் செல்லுபடியாகும் ஆண்டையும் பார்த்துக்கொள்ளுங்கள், அது முடிந்திருந்தால் முதலில் அதைப் புதுப்பிக்க வேண்டும்.